கடைசி வண்டி வந்து சேரும்வரை



பயணக் கட்டுரை எழுதுவோர் தாம் கண்ட காட்சிகளை வியந்து எழுதுவதே வழக்கம். இக்கட்டுரையிலும் காட்சிகள் உண்டு. ஆயினும், நாங்கள் இதனை எழுதத் துணிந்தது அப்பயணத்தில் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அப்பிழையின் சுமையை எங்களோடு வந்தோர் பங்கிட்டுக்கொண்ட விதத்தையும் சொல்வதற்காகவே. இதனை எழுதுவோர் கணவனும் மனைவியுமாகிய இருவர். கணவருக்கு அப்போது வயது 66, மனைவிக்கு 61. இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிழை யாருடையது என்று இல்லத்தில் பலமுறை வழக்காடியிருக்கிறோம். இறுதியில் ‘நாங்கள்’ என்றே எழுதுவது என்று முடிவு செய்தோம். ஏனெனில் ஒருவர் மறைத்தார். மற்றவர் அதற்கு உடன்பட்டார்.

2023 செப்டம்பரில், ஜெர்மனியில் பணிபுரியும் எங்கள் மகளைக் காணச் சென்றிருந்தோம். அவள் எங்களுக்கென ஏழு நாள் மிதிவண்டிப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தாள். ஜெர்மனியின் எல்லை நகராகிய பாஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா வரை, டான்யூப் ஆற்றங்கரையோடு சுமார் 320 கிலோமீட்டர். வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். பெட்டிகளை ஒரு வேன் அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்லும். இரவு தோறும் விடுதியில் தங்கல்.

எங்கள் தலைமுறையினருக்கு மிதிவண்டி புதிதன்று. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்திற்குப் பல ஆண்டுகள் மிதிவண்டியிலேயே சென்று வந்தோம். ஆகையால், “இதில் நமக்கு யார் என்ன கற்றுத் தர இருக்கிறது?” என்ற எண்ணத்தோடுதான் புறப்பட்டோம்.

வெறுமையாக விட்ட ஒரு கட்டம்

பயணத்திற்கு முன் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று வந்தது. உயரம், எடை, உணவுப் பழக்கம் ஆகியவற்றுக்குப் பின், உடல்நலம் பற்றிய வினாக்கள் இருந்தன. இதய நோய் உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் யாவை?

கணவருக்கு 2021-இல் இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதுமுதல் இரத்த அழுத்தத்திற்கும் இரத்தம் உறையாமைக்கும் மாத்திரைகள் உண்டு. சமதளத்தில் மிதமாக மிதிவண்டி ஓட்டலாம் என்று எங்கள் மருத்துவர் இசைவு தந்தே இருந்தார். எழுதிவிட்டால் பயணத்தைத் தடுத்திருக்கமாட்டார்கள். ஆயினும் கணவர் எழுதவில்லை. “எழுதினால் ஏழு நாளும் என்னை நோயாளியாகவே பார்ப்பார்கள்” என்றார். மனைவி ஒருமுறை மறுத்தாள்; இரண்டாம் முறை பேசாதிருந்தாள். “எல்லாம் எழுதியாயிற்றா?” என்று மகள் கேட்டபோது, “ஆயிற்று, அம்மா” என்று இருவருமே சொன்னோம். சிறு பொய்தானே என்று அன்று தோன்றியது.

குதிரைகள் நடந்த பாதை

பாஸ்ஸாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடுகின்றன. இன் ஆறு ஆல்ப்ஸ் மலையின் பனிநீரைக் கொண்டுவருவதால் வெளிறிய பச்சை நிறமாய் இருக்கிறது; இல்ஸ் ஆறு கருமை படர்ந்தது. மூன்றும் ஒன்றான பின்னும் சிறிது தூரம் வரை நிறங்கள் தனித்தனியே தெரிகின்றன. அங்குள்ள புனித ஸ்தேவான் பேராலயத்தின் ஆர்கன், ஏறத்தாழ 18,000 குழல்களைக் கொண்டது. பயணம் புறப்படுமுன் அப்பேராலயத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

டான்யூப் ஜெர்மனியின் கருங்காட்டில் தோன்றி, பத்து நாடுகளைத் தொட்டு, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. நாங்கள் சென்ற பாதைக்கு ஒரு வரலாறு உண்டு. நீராவிக் கப்பல்கள் வருமுன், சரக்குப் படகுகள் ஆற்றின் போக்கில் தாமே மிதந்து செல்லும். எதிர்த்து வருகையில் கரையிலிருந்து குதிரைகளைக் கொண்டு கயிறு கட்டி இழுப்பர். அக்குதிரைகள் நடந்த கரைப் பாதையின் பல பகுதிகளே இன்று மிதிவண்டிப் பாதையாகியிருக்கின்றன. கனத்த படகுகளை இழுக்கும் குதிரைகளுக்கு ஏற்ற இறக்கம் ஆகாது; ஆகவே பாதை பெரும்பாலும் சமதளம். பாஸ்ஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும் வியன்னா சுமார் 160 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஆற்றோடு செல்வோருக்கு வழி மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. முதியோரும் சிறுவரும் கூட அங்கே துணிந்து மிதிவண்டி ஏறுவதன் காரணம் இதுவே.

எங்கள் குழுவில் 12 பேர். நெதர்லாந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும், இங்கிலாந்திலிருந்து மூன்று நண்பர்கள், அமெரிக்காவிலிருந்து ஒரு தாயும் மகளும், சுவிட்சர்லாந்திலிருந்து இரு சகோதரர்கள், ஜெர்மனியிலிருந்து 74 வயதான ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நாங்கள் இருவர். வழிகாட்டி, முப்பது வயது மதிக்கத்தக்க ஆஸ்திரியப் பெண். வேன் ஓட்டுநர், நெடுநாள் மிதிவண்டி பழுது பார்த்த முதியவர். இவர்களைத் தவிர, உதவியாளராக ஓர் இளைஞர் மிதிவண்டியில் வந்தார். அவருக்குப் பணி ஒன்றே: எப்போதும் வரிசையின் கடைசியில் வருவது. அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது.

வரிசையின் ஒழுங்கு

எங்களுக்குக் கற்றுத் தர ஒன்றுமில்லை என்ற எண்ணம் முதல் அரை மணி நேரத்திலேயே தகர்ந்தது. அங்கே சாலையின் வலப்புறமாகச் செல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழக்கம் எங்களை இடப்புறமே இழுத்தது. சீட்டின் உயரத்தை வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் சரிபார்த்தார். சீட்டில் அமர்ந்து, தாழ்ந்திருக்கும் பெடலின் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; அதனினும் தாழ்வாக இருந்தால் முழங்கால் நோகும். மேடு வந்தபின் கியரை மாற்றலாகாது. மேடு கண்ணில் பட்டவுடனேயே மாற்ற வேண்டும். “தாகம் எடுக்குமுன் குடியுங்கள், பசி எடுக்குமுன் உண்ணுங்கள்” என்பது அவர் ஓயாது சொன்ன அறிவுரை.

கூட்டமாகச் செல்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் செல்பவர் பள்ளத்தைக் கண்டால் கையைத் தாழ்த்திச் சுட்டுவார். அடுத்தவர் அதனைத் தமக்குப் பின்வருவோருக்குச் சுட்டுவார். நிற்பதானால் கையை உயர்த்துவார். எவரும் திடீரெனப் பிரேக் போடலாகாது. ஒருவர் போட்டால் பின்வரும் நால்வர் விழுவர். பின்னால் ஒருவருக்கு இடர் நேர்ந்தால், அச்செய்தி வாய்மொழியாக ஒவ்வொருவரையும் கடந்து முன்னால் இருப்பவரை எட்ட வேண்டும். நடுவில் ஒருவர் சொல்லாமல் விட்டால், முன்னே செல்வோருக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் மனத்தில் ஆழப் பதிந்த வழக்கம் இன்னொன்று. பாதை பிரியுமிடம் வந்தால், வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் அம்முனையில் இறங்கி நிற்க வேண்டும். பின்வரும் அனைவருக்கும் வழியைக் காட்டி, கடைசியில் வரும் இளைஞர் வந்து சேர்ந்த பின்னரே அவர் புறப்படலாம். முன்னணியில் செல்பவரே அடுத்து நின்று காக்க வேண்டியவராகிறார். விரைந்து செல்வதன் பயன் காத்து நிற்பதே என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

கணவர் விரைவாகச் செல்பவர். நம் ஊரிலும் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ செல்கையில் அவர் இருபது அடி முன்னால் நடப்பார். மனைவி பின்னால் வருவாள். முனையில் நிற்கும் முறை அவருக்கு முதல் நாளே மும்முறை வந்தது. டான்யூப் ஏறக்குறையப் பின்னோக்கித் திரும்பி வளையும் ஷ்லோகன் என்னுமிடத்தருகே, ஒரு படகுத்துறைப் பிரிவில் நின்றவர், பொறுமையிழந்து, கடைசி இருவர் வருமுன்னரே புறப்பட்டுவிட்டார். அவ்விருவருள் ஒருவர் 74 வயதான ஆசிரியை. அவர் வழி தவறி அரைக் கிலோமீட்டர் சென்றபின், கடைசியில் வந்த இளைஞர் கண்டு திருப்பி அழைத்து வந்தார். கணவர் மன்னிப்புக் கேட்டார். ஆசிரியை நகைத்துக்கொண்டே, “நீங்கள் நல்ல மாணவரைப் போல விடையை முதலில் எழுதி முடித்துவிடுகிறீர்கள்” என்றார்.

ஹார்ட்ஹைம் மாளிகை

இரண்டாம் நாள், லின்ஸ் நகரை அடையுமுன், விரும்பியவர்களை வழிகாட்டி ஆற்றங்கரையிலிருந்து சற்று விலகி ஆல்கோவன் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஹார்ட்ஹைம் என்றோர் அழகிய மாளிகை உண்டு. நாற்புறமும் கோபுரங்கள், நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றம். மனவளர்ச்சி குன்றியோரையும் ஊனமுற்றோரையும் பேணும் இல்லமாக அது முன்பு விளங்கியது. நாஜிகள் அதனைக் கைப்பற்றி, 1940 முதல் 1944 வரை கொலைக்களமாக்கினர். மனநோயாளர், ஊனமுற்றோர், பின்னர் சிறைமுகாம்களில் உழைக்க முடியாமல் தளர்ந்தோர் என ஏறத்தாழ 30,000 பேர் அங்கே நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்.

1945-இல் அங்கே ஓர் ஆவணம் கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய கொலைக்களங்களில் 70,273 பேரைக் கொன்றதனால் எத்தனை உணவுப்பொருள், எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். மூன்ஸ்டர் நகர் ஆயர் கிளமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலன், 1941 ஆகஸ்ட் 3 அன்று இக்கொலைகளை மறையுரை மேடையிலிருந்தே வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாதமே அத்திட்டத்தை நிறுத்துமாறு ஆணை பிறந்தது. ஆயினும் மறைவாகக் கொலைகள் தொடர்ந்தன.

இன்று அம்மாளிகை நினைவிடம். அங்கே நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறருக்குப் பாரமாக இருப்பவர் வாழத் தகாதவர் என்று ஓர் அரசு கணக்கெழுதிய இடம் அது. வெளியே வந்தபோது, கணவர் தம் நோயை மறைத்ததும் அதே சொல்லுக்கு, ‘பாரம்’ என்னும் சொல்லுக்கு அஞ்சித்தானே என்ற எண்ணம் மனைவிக்கு எழுந்தது. அன்றிரவு லின்ஸ் விடுதியில், “நாளை வழிகாட்டியிடம் சொல்லிவிடுவோம்” என்றாள். “இன்னும் ஐந்தே நாள். இத்தனை நன்றாக ஓட்டுகிறேன், பார்க்கவில்லையா?” என்றார் கணவர். மனைவி மறுபடியும் பேசாதிருந்தாள்.

நான்காம் நாள்

நான்காம் நாள் கிரைன் என்னும் ஊரிலிருந்து மெல்க் வரை சுமார் 50 கிலோமீட்டர். வழக்கமாக மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளும் காற்று, அன்று கிழக்கிலிருந்து முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்றில் சமதளமும் மலையேற்றம் போலாகிவிடுகிறது. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால் முன்னவர் காற்றைத் தாங்க, பின்னவருக்கு உழைப்புக் குறையும். ஆகவே சிறிது நேரத்திற்கு ஒருவராக முன்னணியை மாற்றிக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. கணவரோ தம் முறை முடிந்தும் பின்வாங்கவில்லை. இளையோராகிய சுவிஸ் சகோதரர்களோடு சமமாகவே ஓட்டினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் அடிக்கடி நிற்கும்படி கேட்க வேண்டும், அதற்கு வெட்கம். வயது முதிர்ந்தோர் பலர் பயணங்களில் செய்யும் பிழை இது. இரத்த அழுத்த மாத்திரையும், வற்றிய உடலும், எதிர்க்காற்றும் சேர்ந்தால் என்னாகும் என்பதை அவர் எண்ணவில்லை. மனைவி கண்டாள், சொல்லவில்லை.

பெர்சன்பாய்க் அணையைக் கடந்து சென்றோம். 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்நீர்மின் நிலையத்திற்கு அப்பால், குன்றின் மேல் மரியா டாஃபெர்ல் திருத்தலத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்தன. அதனடியில், மார்பாக் என்னும் ஊரை நெருங்குகையில், கணவருடைய வண்டி தடுமாறிப் பாதையோரப் புல்லில் சாய்ந்தது. முகம் வெளுத்து, உடல் வியர்த்து, கேட்ட வினாவுக்கு விடை சொல்ல இயலாதவராய்க் கிடந்தார்.

வழிகாட்டி ஓடிவந்து, அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினார். உதவியாளர் 144 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைத்தார். “இவருக்கு ஏதேனும் நோய் உண்டா? என்ன மருந்து உண்கிறார்?” என்று வழிகாட்டி கேட்டபோதுதான் மனைவிக்கு நிலைமை முழுவதும் விளங்கியது. மருந்துகளும் மருத்துவரின் சீட்டும் பெரிய பெட்டியின் அடியில், துணிகளுக்குள் இருந்தன. எவர் கண்ணிலும் படக் கூடாது என்று அங்கே வைத்தவர் கணவர். பெட்டியோ வேனில், மெல்க் நகரில். மாத்திரைகளின் பெயர்கள் பதற்றத்தில் மனைவிக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாளாக நாவின் நுனியில் இருந்த உண்மையை, புல்தரையில் அமர்ந்து, அழுதுகொண்டே சொன்னாள்.

வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. வேன் ஓட்டுநரை அழைத்து, பெட்டியைத் திறந்து மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னார்; ஆம்புலன்சில் வந்தவர்களிடம் அப்பெயர்களை எழுதிக் கொடுத்தார். அருகிலுள்ள நகரின் மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, இரத்தம் சோதித்து, நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். இதயத்திற்குப் புதிதாக ஏதும் நேரவில்லை. நீர் வற்றி இரத்த அழுத்தம் வீழ்ந்ததே காரணம் என்றார்கள். அன்றிரவு அங்கேயே வைத்திருந்து, காலையில் அனுப்பும்போது, இரண்டு நாள் மிதிவண்டியைத் தொடலாகாது என்று எச்சரித்தார்கள்.

மாலையில் எங்களைக் காண வந்த வழிகாட்டி, கட்டிலருகே அமர்ந்து, மெதுவாக ஒன்று சொன்னார்: “நீங்கள் சொல்லியிருந்தால், இன்று உங்களை என் பின்னால் ஓட்டச் சொல்லியிருப்பேன், மணிக்கு இருமுறை தண்ணீர் கொடுத்திருப்பேன். நான் அறியாததை நான் எப்படிக் காப்பேன்?”

மூடிய வாயில்

எங்கள் பிழையின் விலையை நாங்கள் மட்டும் கொடுக்கவில்லை. வழிகாட்டி எங்களோடு இருந்தமையால், குழுவினர் ஆற்றங்கரைச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தனர். பிறகு உதவியாளரோடு புறப்பட்டு மெல்க் நகரை அடைந்தபோது, அங்குள்ள துறவற மடத்தின் வாயில் மூடப்பட்டுவிட்டது.

மெல்க் மடம் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுடையது. 1089 முதல் அவர்கள் அங்கே வாழ்ந்து வருகின்றனர். இன்று நாம் காணும் கட்டடத்தை யாக்கோப் பிரன்டவர் என்னும் சிற்பி 1702-இல் தொடங்கினார். பாறையின் மேல், மஞ்சள் நிறத்தில், ஆற்றைப் பார்த்தபடி நீண்டு நிற்கிறது அது. அதன் நூலகத்தில் ஏறத்தாழ 1,00,000 நூல்கள் உள்ளன. 74 வயதான ஆசிரியை இப்பயணத்தில் சேர்ந்ததே அந்நூலகத்தைக் காண்பதற்காக. இளமையில் கணவரோடு காண எண்ணியிருந்தாராம். அவர் இறந்தபின் தனியே வந்திருக்கிறார். இச்செய்தியை மறுநாள் காலையில்தான் அறிந்தோம். கேட்டபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

ஆனால் முந்தைய இரவே குழுவினர் ஒரு முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் வாஹாவ் பள்ளத்தாக்கு வழியே கிரெம்ஸ் நகர் செல்ல வேண்டும். யுனெஸ்கோ நிறுவனம் 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது. வழியில் டூர்ன்ஸ்டைன் என்னும் ஊரில், 1192-இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்த கோட்டையின் இடிபாடுகளுக்கு ஏறுவதாகத் திட்டம். இங்கிலாந்து நண்பர்கள் மூவரும் அதனையே பெரிதும் எதிர்நோக்கியிருந்தவர்கள். அக்கோட்டையை விட்டுவிட்டு, காலையில் மடத்தைக் காண்பது என்று முதலில் சொன்னவர்கள் அவர்களே. எவரும் அதனைப் பெரிய தியாகமாகப் பேசவில்லை. நேரம் இவ்வளவுதான், அதில் யாருக்கு எது மிகவும் வேண்டியது என்று பார்த்தார்கள், அவ்வளவே.

காலையில் மருத்துவமனையிலிருந்து வந்த நாங்கள், குழுவினர் அனைவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அமெரிக்கத் தாய் எழுந்து, தமக்கு நீரிழிவு உண்டு என்றும், ஊசி மருந்து பையில் இருப்பதாகவும், அதனைப் படிவத்தில் எழுதியிருந்தாலும் எங்களிடம் சொல்லத் தயங்கியதாகவும் சொன்னார். நெதர்லாந்துக்காரர் ஒருபுறம் காது கேளாதவராம். பின்னால் மணி அடித்தும் விலகாத காரணம் அப்போதுதான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில், நான்கு நாளில் அறியாத அளவு ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். பின்னர் நூலகத்தில், ஆசிரியை நெடுநேரம் ஒரே அலமாரியின் முன் நின்றிருந்ததைத் தொலைவிலிருந்து கண்டோம்.

வேனிலிருந்து கண்டது

இரண்டு நாள் கணவர் வேனில் சென்றார். மனைவி குழுவோடு மிதிவண்டியில் சென்றாள். திராட்சைக் கொடிகள் படிப்படியாக ஏறும் வாஹாவ் சரிவுகளையும், வெறுங்கல்லை அடுக்கிக் கட்டிய அவற்றின் சுவர்களையும், அறுவடைக் கூடைகளையும் மனைவி கண்டாள். கணவர் கண்டது வேறு. முன்னதாகவே சென்று தங்குமிடத்தைத் திறக்கச் செய்வது, பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவது, ரொட்டியும் பழமும் வாங்கி நறுக்கி வைப்பது, இரவில் ஒவ்வொரு டயரையும் அழுத்திப் பார்த்துக் காற்றடிப்பது, செயினுக்கு எண்ணெய் இடுவது ஆகிய அனைத்தையும் அம்முதியவர் ஒருவரே செய்தார். நான்கு நாள் தம் வலிமையால் ஓட்டியதாகக் கணவர் எண்ணியிருந்தார். அவ்வலிமைக்குப் பின்னால் ஒருவர் நள்ளிரவு வரை விழித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கணவர் நறுக்கும் பணியையும் காற்றடிக்கும் பணியையும் ஏற்றுக்கொண்டார். பிறர் வந்து சேரும் நேரம் வரை வழியை நோக்கிக் காத்திருப்பதும் ஒரு பணி என்று கற்றார். கடைசியாக மனைவியின் வண்டி வளைவில் தெரியும் வரை தமக்கு இருப்புக்கொள்ளவில்லை என்று அன்றிரவு சொன்னார். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில், தமக்குப் பின்னால் வருபவரை அவர் திரும்பி நின்று பார்த்தது அதுவே முதல்முறை என்று மனைவி எண்ணிக்கொண்டாள்; வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு, பேசாதிருந்ததால் விளைந்ததை நினைத்து, சொல்லியும் விட்டாள். அவர் மறுக்கவில்லை.

வியன்னாவின் வாயிலில்

கடைசி நாள் டுல்ன் நகரிலிருந்து வியன்னாவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். மருத்துவர் விதித்த இரண்டு நாள் முடிந்திருந்தது. தொலைபேசியில் எங்கள் ஊர் மருத்துவரிடமும் கேட்டு, மெதுவாக ஓட்ட இசைவு பெற்றோம். மின்விசையால் துணை செய்யும் மிதிவண்டி ஒன்றைக் கணவருக்குக் கொடுத்தார்கள். பெடலை மிதித்தால் மட்டுமே அதன் விசை உதவும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் நின்றுவிடும். முதல் நாள் கொடுத்திருந்தால் இழிவென்று மறுத்திருப்பார். அன்று நன்றி சொல்லி ஏறினார். மருந்துச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அதன் படியொன்று வழிகாட்டியிடம் இருந்தது. தண்ணீர்ப் புட்டி ஹாண்டில்பார் அருகே, கைக்கெட்டும் இடத்தில்.

1114-இல் நிறுவப்பட்ட கிளோஸ்டர்நாய்பர்க் மடத்தின் கோபுரங்களைக் கடந்து, டான்யூப் கால்வாய் பிரியும் நுஸ்டார்ப் என்னுமிடம் வந்தோம். வியன்னா நகருக்குள் செல்லும் முனை அது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, அடுத்து வந்த கணவரிடம் கையால் குறிப்புக் காட்டினார். அவர் இறங்கி முனையில் நின்றார். சுவிஸ் சகோதரர்கள், இங்கிலாந்து நண்பர்கள், அமெரிக்கத் தாயும் மகளும், நெதர்லாந்துத் தம்பதியர் என ஒவ்வொருவராகக் கடந்து சென்றனர். ஆசிரியை கடந்தபோது, “இன்று விடையை முதலில் எழுதவில்லையே” என்று சொல்லிச் சென்றார். சிறிது நேரம் பாதை வெறுமையாய் இருந்தது. பின் மனைவியும், அவளுக்குப் பின்னால் கடைசியில் வரும் இளைஞரும் தெரிந்தனர். கணவர் அவர்கள் அருகே வரும்வரை நின்றார். பிறகு மனைவியோடு சேர்ந்து புறப்பட்டார்.

ஊர் திரும்பியபின் நாங்கள் முதலில் செய்தது, மகளிடம் உண்மையைச் சொன்னது. அவள் சினந்தாள், பின் அழுதாள். இரண்டாவதாக, எங்கள் இருவருடைய நோய்களையும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படியை மகளுக்கும், ஒரு படியை அடுத்த வீட்டாருக்கும் கொடுத்தோம். திருத்தலப் பயணமோ, பங்கின் சுற்றுலாவோ, உறவினர் திருமணமோ எதுவானாலும், பேருந்தில் ஏறுமுன் பொறுப்பாளரிடம் அத்தாளைக் காட்டுகிறோம். வெட்கம் முதல்முறை மட்டுமே இருந்தது.

நம் குடும்பங்களில் இவ்வாறு மறைப்போர் பலர் உளர். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று முழங்கால் வலியை மறைக்கும் தாய்மார், வேலை போனதை மறைக்கும் தந்தையர், தேர்வில் தவறியதை மறைக்கும் பிள்ளைகள். சுமையைக் குறைப்பதாக எண்ணியே மறைக்கிறோம். ஆனால் மறைத்த சுமை குறைவதில்லை. ஒருநாள் நடுவழியில், ஆயத்தமில்லாதவர் தோளில், முழுவதுமாக வந்து விழுகிறது. முன்னரே சொன்ன சுமையைப் பலர் சிறிது சிறிதாகத் தூக்கலாம். அதே போல, சொல்பவரைக் கேட்டு, கடிந்துகொள்ளாமல், “நான் அறியாததை நான் எப்படிக் காப்பேன்?” என்று கேட்கும் ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

இப்போதும் நாங்கள் மாலையில் நடந்து செல்கிறோம். தெருமுனை வந்ததும், முன்னால் செல்பவர் நின்றுவிடுகிறார்.